தீபாவளி வருது, வீட்டுல நாய்க்கும் பயம் அப்பத்தாவுக்கும் பயம். என்ன பண்ணலாம்?

மதுர_மல்லி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டுந்தான் இருக்கேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எங்க வீட்டுல ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க. ஒண்ணு எங்க நாய் பூச்சி. போன கார்த்திகை மழையில சாக்கடை ஓரமா நடுங்கிட்டு கெடந்துச்சு, தெருநாய்க் குட்டிதான், தூக்கிட்டு வந்தோம், இப்ப நல்லா வளந்து கதவ எக்கித் தொறக்கற அளவுக்கு இருக்கு. ஆனா குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போயிரும், பக்கத்து வீட்டு புல்லட் ஸ்டார்ட் ஆனா போதும் வால் வயித்துக்கு அடியில ஒட்டிக்கும்.

இன்னொண்ணு எங்க அப்பத்தா. வயசு 84. மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஊர்ல தனியா விட முடியலன்னு இங்க கூட்டிட்டு வந்துட்டோம். பகல்ல நல்லாத்தான் இருக்கும், எனக்கே சமையல்ல உப்பு பத்தலன்னு சொல்லும். சாயங்காலம் அஞ்சரை ஆச்சுன்னா முந்தானைய இழுத்து செருகிட்டு வாசலுக்குக் கெளம்பிரும். "நான் வீட்டுக்குப் போறேன், மாட்டக் கட்டணும், எங்காத்தா தேடும்"னு. இதான் அப்பத்தா வீடுன்னு சொன்னா கோவம் வந்துருது. அது போக ஜன்னல்ல யாரோ ஒரு பொம்பள நின்னு பாக்குறான்னு சொல்லுது, நான் வெளிய போயி டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்து யாரும் இல்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குது.

இன்னும் மூணு வாரத்துல தீபாவளி. எங்க தெருவுல சரவெடி போடுறதுல போட்டியே நடக்கும். ரெண்டு பேரையும் எப்படி சமாளிக்கிறதுன்னு தெரியல. நாய்க்கு தூக்க மருந்து குடுக்கலாமா? பயந்து இருக்கும்போது தடவிக் குடுத்தா பயம் இன்னும் கூடிரும்னு ஒருத்தர் சொன்னாரு, அது உண்மையா? அப்பத்தாகிட்ட பயப்படாத பயப்படாதன்னு சொல்லி எனக்கு தொண்டத் தண்ணி வத்துனதுதான் மிச்சம். உங்க வீட்டுல எல்லாம் என்ன செய்யறீங்க?

---

தெருநாய்_தோழி (சென்னை)

மல்லி, முதல்ல அந்த தடவிக் குடுக்கிற கதைய முடிச்சிருவோம். பயந்துபோயி உங்ககிட்ட ஒட்டிக்க வர்ற நாயத் தடவிக் குடுத்தா பயம் அதிகமாகாது. பயம்ங்கறது அது யோசிச்சு செய்யற சேட்டை இல்லையே, நாம பரிசு குடுத்தோம்னு இன்னொரு தடவ செய்யறதுக்கு. வந்தா அணைச்சுக்கங்க. வரலன்னா விட்டுருங்க. கட்டிலுக்கு அடியில போயிட்டா அங்கயே இருக்கட்டும், தயவு பண்ணி காலப் பிடிச்சு இழுத்து வெளிய எடுத்து மடியில வெச்சு கொஞ்சாதீங்க, நெறைய பேரு கடி வாங்கறது அங்கதான்.

பாத்ரூம் பக்கம் போகுதா கவனிங்க. ரொம்ப நாய் வெடி சத்தத்துக்கு பாத்ரூம்லதான் போயி ஒண்டும், ஜன்னல் சின்னது, தரை குளுகுளுன்னு இருக்கும், மூணு பக்கம் சுவரு. அப்படி அது தானா தேர்ந்தெடுத்த இடம் எதுவோ அத இப்பவே அதுக்குன்னு ஆக்கிருங்க. நீங்க உடுத்திப் போட்ட பழைய நைட்டி ஒண்ண துவைக்காம அங்க போடுங்க, தினம் சாப்பாட்டுல ஒரு வேளைய அங்க வெச்சு குடுங்க. தீபாவளி அன்னைக்கு புதுசா ஒரு ரூம்ல தள்ளி கதவ சாத்துனா அது பாதுகாப்பு இல்ல, ஜெயில். கதவு எப்பவும் தொறந்தே இருக்கணும், உள்ள போறதும் வெளிய வர்றதும் அது இஷ்டம்.

மூணு வாரம் இருக்கு, பழக்கறதுக்கு முழுசா போதாது ஆனா ஆரம்பிக்கலாம். போன்ல வெடி சத்தம் இருக்குல்ல, அத காதுக்கு கேட்டும் கேக்காத அளவுல போடுங்க, சத்தம் வந்தவுடனே ஒரு துண்டு சிக்கன். சத்தம் முதல்ல, சிக்கன் அடுத்து, இந்த வரிசை மாறக்கூடாது, மாறுனா சிக்கன் வந்தாலே அடுத்து வெடி வரும்னு புரிஞ்சிக்கிட்டு சிக்கனையும் பார்த்து பயப்படும். காது பின்னாடி போறது, சும்மா சும்மா உதட்ட நக்குறது, தூக்கமே இல்லாம கொட்டாவி விடறது, கண்ணுல வெள்ள தெரியறது, இதுல எது வந்தாலும் சத்தத்த கொறச்சிருங்க. சிக்கன வாங்க மாட்டேங்குதுன்னா அது ஏற்கனவே பயத்துல இருக்குன்னு அர்த்தம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்குந்தான் கேக்கும், அதுக்கு 40,000-க்கும் மேல கேக்கும், அதனால நமக்கு லேசாத் தோணுறது அதுக்கு லேசா இருக்கணும்னு இல்ல, மூஞ்சியப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

மருந்து விஷயம். டாக்டர்கிட்ட இந்த வாரமே போங்க, தீபாவளிக்கு மொத நாள் இல்ல. ஒண்ணு கேட்டுக்கங்க, வெறும் மயக்கத்துக்கு குடுக்கறது வேற, பயத்தக் கொறைக்க குடுக்கறது வேற. ஏசிபுரோமசின்னு ஒரு பழைய மருந்து இருக்கு, அத மட்டும் குடுத்தா உடம்பு அசைய முடியாம கெடக்கும், ஆனா பயம் உள்ள அப்படியே இருக்கும், பாக்கறவங்களுக்குத்தான் நாய் அமைதியா இருக்கற மாதிரி தெரியும். இப்ப சத்த பயத்துக்கு வேற மருந்துங்க இருக்கு, உங்க டாக்டருக்குத் தெரியும், ஒரு சாதாரண நாள்ல குடுத்துப் பார்த்து எப்படி இருக்குன்னு தெரிஞ்சு வெச்சிக்கிட்டு அப்புறம் அன்னைக்கு குடுக்கலாம். வீட்டுல இருக்கற மாத்திரைய ஒடச்சு குடுக்கற வேலை மட்டும் வேணாம், நம்ம வலி மாத்திரைங்க சிலது நாய்க்கு விஷம்.

கழுத்துப் பட்டையில போன் நம்பர் எழுதிருங்க. தீபாவளி முடிஞ்ச மறுநாள் காணாமப் போன நாய் போட்டோ எத்தன வரும்னு எங்க குரூப்ல பாத்தா தெரியும்.

---

வைகை_வேங்கை (வாடிப்பட்டி)

நாய்க்கு நைட்டி சிக்கன் பாட்டு கச்சேரியா 😀 நாங்கள்ளாம் நாய் வளக்கலையா. தெருவுல கட்டிப் போட்டு ரெண்டு நாள் பக்கத்துல வெடி போட்டா தானா பழகிரும். எங்க வீட்டு நாய் மொத வருசம் கத்துச்சு, இழுத்துச்சு, அடுத்த வருசம் சரவெடி பக்கத்துலயே கம்முனு படுத்து கெடந்துச்சு. ரொம்ப செல்லம் குடுத்தா மனுசன் ஆனாலும் மாடு ஆனாலும் பயந்தாங்கொள்ளியாத்தான் ஆவும்.

---

பாதிராத்திரி_படிப்பாளி (கோவை)

வேங்கை அண்ணே, கோச்சுக்காதீங்க, உங்க நாய் கம்முனு படுத்ததுக்கு பேரு பழகுனதுன்னு எப்படி சொல்றீங்க? நான் சைக்காலஜி படிக்கிறேன், இது எங்க பாடத்துலயே இருக்கு, அதனாலதான் குறுக்க வர்றேன்.

1967-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில செலிக்மன், மேயர்னு ரெண்டு பேரு நாய்ங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. (இன்னைக்கு பண்ண விட மாட்டாங்க, அது வேற.) ஒரு கூட்டத்துக்கு வலிக்கிற மாதிரி ஷாக் வரும், தலையால ஒரு பலகைய அமுக்குனா நின்னுரும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே ஷாக், அதே நேரம், ஆனா அது என்ன செஞ்சாலும் நிக்காது, தானா முடிஞ்சாத்தான் உண்டு. அடுத்து எல்லாத்தையும் ஒரு பெட்டியில விட்டாங்க, சின்ன தடுப்பு ஒண்ணத் தாண்டுனா தப்பிச்சிரலாம். முதல் கூட்டம் தாண்டி ஓடிருச்சு. ரெண்டாவது கூட்டத்துல முக்கால்வாசி கத்திட்டு அப்படியே படுத்திருச்சு, தாண்டவே இல்ல. பாத்தீங்கன்னா ரெண்டுக்கும் வலி ஒரே அளவு, வித்தியாசம் எல்லாம் நிறுத்துற வழி நம்ம கையில இருக்கா இல்லையாங்கறதுலதான்.

இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு 2016-ல அதே ரெண்டு பேரும் தங்களோட பழைய விளக்கத்தையே தலைகீழா மாத்தி எழுதுனாங்க. முன்னாடி என்ன சொன்னாங்கன்னா, எதுவும் நம்ம கையில இல்லைன்னு அந்த நாய் கத்துக்குச்சுன்னு. பின்னாடி மூளை ஆராய்ச்சி எல்லாம் வந்தப்புறம் சொன்னது, ஒடுங்கிப் போயி படுக்கறது உடம்போட இயல்பான வேலையாம், கெட்டது நீளமா நடந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். நம்ம கையில ஒரு பிடி இருக்குங்கறதத்தான் மூளை கத்துக்கணும், ஒரு தடவ கத்துக்கிட்டா அது அடுத்த பயத்துக்கும் தடுப்பா நிக்கும்.

அதனால தோழி அக்கா சொன்ன அந்தத் தொறந்த கதவு இருக்கே, அது செல்லம் இல்ல. அதான் பலகை. கட்டிப்போட்டு பக்கத்துல வெடிச்சா பலகைய எடுத்துட்டு ஷாக் குடுக்கற மாதிரி.

---

வைகை_வேங்கை (வாடிப்பட்டி)

சரி தம்பி, பெரிய படிப்பு. எங்க நாய் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பாடு மட்டும் ரெண்டு நாளைக்கு எடுக்காது தீபாவளி அப்ப, மத்தபடி ஒண்ணும் இல்ல.

---

தெருநாய்_தோழி (சென்னை)

"சாப்பாடு மட்டும் ரெண்டு நாளைக்கு எடுக்காது." அண்ணே நீங்களே சொல்லிட்டீங்க 🙏

---

நைட்டூட்டி_நர்ஸ் (திருச்சி)

மல்லி, நாயப் பத்தி இவங்க பாத்துக்குவாங்க, நான் அப்பத்தா பக்கம் வர்றேன். முதியோர் வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன். சாயந்தரம் ஆனா கெளம்புறது, வீட்டுக்குப் போகணும்ங்கறது, இதெல்லாம் மறதி நோய்ல ரொம்ப சாதாரணம், உங்க அப்பத்தா மட்டும் இல்ல, எங்க வார்டுல அஞ்சு மணிக்கு மேல பாதிப் பேரு பைய எடுத்து கக்கத்துல வெச்சிக்கிட்டு பஸ்சுக்கு நிப்பாங்க.

அந்த ஜன்னல் பொம்பள யாருன்னு சொல்லட்டா? அப்பத்தாவேதான். வெளிய இருட்டி உள்ள லைட் போட்டா கண்ணாடி ஜன்னல்ல நம்ம உருவம் தெரியும்ல, அது தான்தான்னு அவங்களுக்குத் தெரியல, வெள்ள முடியோட ஒரு கிழவி முறைச்சுப் பாக்குறா. நீங்க டார்ச் அடிச்சு வெளிய தேடுனா எங்க கெடைப்பா. இருட்டறதுக்கு முன்னாடி ஸ்கிரீன இழுத்து விட்டுருங்க, அந்த ரூம்ல பீரோ கண்ணாடி இருந்தா ஒரு துணியப் போட்டு மூடுங்க. லைட்ட அஞ்சு மணிக்கே எல்லாத்தையும் போட்டுருங்க, மூலையில நிழல் விழுந்தா அதையும் ஆளுன்னு நினைப்பாங்க.

"இதான் உங்க வீடு"ன்னு சொல்லாதீங்க. வாக்குவாதத்துல நீங்க ஜெயிப்பீங்க, ஆனா அவங்களுக்கு இப்ப முன்ன பின்ன தெரியாத ஒரு வீட்டுல, தன்ன வெளிய விடாத ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். மாட்டக் கட்டணும்னு சொல்றாங்களா, எத்தன மாடு ஆத்தா, எது நெறையா கறக்கும், எது முட்டும்னு கேளுங்க. பேச்சு மாட்டுலயே போகும், கால் வாசல்லருந்து திரும்பும். அப்புறம் கையில ஒரு வேலை குடுங்க. பூண்டு உரிக்கறது, கீரை ஆயறது, பூ கட்டறது, கைக்குப் பழகுன வேலை எதுவா இருந்தாலும் சரி. பூ கட்டுற விரல் மட்டும் மறக்காது, நான் பாத்திருக்கேன், சொந்த மகன அடையாளம் தெரியாத அம்மா மல்லிகப் பூவ முழம் முழமா கட்டிப் போட்டுட்டு இருப்பாங்க. தினம் அதே நேரம், அதே நாற்காலி, கூட உக்கார்றது அதே ஆளு. இன்னைக்கு நீங்க நாளைக்கு உங்க அண்ணின்னு மாத்தி மாத்தி போட்டீங்கன்னா திரும்ப முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

பின்னாடியிருந்து போயி தோளத் தொடாதீங்க. எதிர்ல வந்து, அவங்க கண்ணு மட்டத்துக்கு உக்காந்து, பேர் சொல்லிட்டு அப்புறம் கையப் பிடிங்க. மத்தியானம் மூணு மணிக்கு மேல காபி வேணாம்.

முக்கியமா ஒண்ணு. ரெண்டு நாளைக்குள்ள திடீர்னு ரொம்ப மோசமாச்சுன்னா, இல்லாதது நெறைய தெரியுது, ஒரே தூக்கமா இருக்கு, ஆளே மாறிட்டாங்கன்னா, அது மறதி நோய் முத்துனதுன்னு விட்டுறாதீங்க. யூரின் இன்பெக்ஷன், தண்ணி கம்மியா குடிச்சது, மலச்சிக்கல், புதுசா சேத்த மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காமிங்க, சரி பண்ணக்கூடிய விஷயம் அது.

அப்புறம் பூச்சியும் அப்பத்தாவும் ஒட்டிக்கிட்டு இருக்கறது கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா வெடி நேரத்துல பயந்த நாய் காலுக்குள்ள ஓடுனா 84 வயசுக்கு இடுப்பு எலும்பு போயிரும். அந்த ஒரு மணி நேரம் அப்பத்தா உக்காந்தே இருக்கணும், கூட ஒரு ஆள் இருக்கணும்.

---

கட்டுத்தரைக்காரன் (தாராபுரம் பக்கம்)

வணக்கமுங்க அம்மிணி. நமக்கு நாயும் தெரியாது டாக்டர் படிப்பும் தெரியாது, மாடு தெரியும், அதச் சொல்றேனுங்க. நர்ஸம்மா பின்னாடியிருந்து தொடாதீங்கன்னு சொன்னாங்க பாருங்க, அதப் படிச்சதும் எழுதலாம்னு தோணுச்சு.

மாட்டுக்கு கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கறதுனால சுத்தி முக்காலே மூணு வீசமும் தெரியும், நேர் பின்னாடி மட்டுந்தான் தெரியாது. அங்கிருந்து சத்தமில்லாம போயி கைய வெச்சீங்கன்னா எவ்வளவு சாதுவான மாடா இருந்தாலும் ஒதைக்கும். அதனால கட்டுத்தரைக்குள்ள போறப்பவே ஏதாவது பேசிக்கிட்டே போவோமுங்க, வந்துட்டேன் வந்துட்டேன்னு, மாடு காத திருப்பும், அப்புறந்தான் கிட்ட போறது.

பால் கறக்கற நேரத்துல பயம் என்ன பண்ணும்னு பாக்கணுமுங்க. கன்னுக்குட்டிய ஊட்ட விட்டு, மடியக் கழுவி, கறக்க உக்காந்து பால் நல்லா எறங்கற நேரத்துல யாராவது புது ஆளு வந்து சத்தமா பேசுனா, இல்ல தகரம் ஒண்ணு டமார்னு விழுந்தா, மாடு பாலை அடக்கிக்கும். மடியில பால் இருக்கும், சொட்டு வராது. எங்கூரு கால்நடை டாக்டரு சொல்வாரு, பாலை எறக்கறது ஆக்சிடோசின்னு ஒண்ணு, பயந்தா சுரக்கறது அட்ரினலின்னு இன்னொண்ணு, பின்னது வந்தா முன்னது வேலை செய்யாதுன்னு. பிள்ள பெத்த பொம்பளைங்களுக்கும் அதே ஆக்சிடோசின்தானாமுங்க. மாட்ட அடிச்சு மிரட்டி ஒரு படி பால் சேத்து வாங்க முடியாது, அத நாஞ் சொல்றேன்.

அமெரிக்காவுல டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா இருக்காங்க, ஆட்டிசம் இருக்கறவங்க, மாடு போற பாதையெல்லாம் எப்படி கட்டணும்னு சொல்றதுல பேர் வாங்குனவங்க. மகன் யூடியூப்ல காட்டுனான். மாடு நின்னு மக்கர் பண்ணா எல்லாரும் தார்க்குச்சிய எடுப்பாங்க, அந்தம்மா மாடு நிக்கற எடத்துல தானே போயி நின்னு மாடு பாக்கற மட்டத்துல பாக்கும். வேலியில தொங்கற ஒரு சட்டை, ஆடிக்கிட்டு இருக்கற ஒரு சங்கிலி, குட்டைத் தண்ணியில பளிச்சுனு அடிக்கற வெளிச்சம், இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும், அத எடுத்துட்டா மாடு தானா நடக்கும். உங்க அப்பத்தா ஜன்னல் கதையும் அதேதானுங்க. அவங்க உக்கார்ற எடத்துல நீங்க ஒரு சாயந்தரம் உக்காந்து பாருங்க, என்னென்ன கண்ணுக்கு மாட்டுதுன்னு.

தனியா கட்டுன மாடு மெரளும். பக்கத்துல இன்னொரு மாடு அசை போட்டுக்கிட்டு படுத்திருந்தா இதுவும் படுத்துக்கும். நாய்க்கும் பக்கத்துல நீங்க சும்மா படுத்து போன் பாத்துக்கிட்டு இருந்தாலே போதும்னு நினைக்கிறேனுங்க, ஆனா நீங்க நெசமாவே அமைதியா இருக்கணும், நடிக்கப்படாது.

---

வக்கா (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

எல்லாரும் வீட்டுக்குள்ள என்ன செய்யறதுன்னே சொல்றீங்க, தெருவ யாரும் தொடவே இல்லையே. எங்க பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, 1977-ல இருந்து சரணாலயம். அத ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டின்னு ஊருங்க. அங்க தீபாவளிக்கு வெடியே கெடையாது, பல பத்து வருஷமா. கண்மாயில கருவேல மரத்துல கூடு கட்டி நத்தை குத்தி நாரை, மஞ்சமூக்கு நாரை, வக்கான்னு (என் பேரு அங்கருந்து எடுத்ததுதான்) மழை சீசன்ல வந்து எறங்கும். வெடி சத்தத்துல தாய்ப் பறவை பதறி எழும்பிருச்சுன்னா அந்த நேரத்துல முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் யாரு, காக்கா பாத்துக்கிட்டே இருக்கும். அதனால ஊரே சேந்து வேணாம்னு விட்டாச்சு. கல்யாணம், கோயில் திருவிழா எதுக்குமே வேட்டு போட மாட்டாங்க. தீபாவளிக்கு வனத்துறை ஆளுங்க வந்து இனிப்பு குடுத்துட்டுப் போவாங்க, அது பேப்பர்லயும் வரும்.

இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா, அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் வெடி ஆசை இருக்காதா என்ன, இருக்கும், பக்கத்து ஊர்ல மாமா வீட்டுக்குப் போயி வெடிச்சிட்டு வருவாங்க. கண்மாய்ப் பக்கம் மட்டும் கெடையாது. பறவைக்கு இந்த எடம் நம்ம எடம்னு தெரியற அளவுக்கு வருஷா வருஷம் அதே மாதிரி இருக்கு. வேடந்தாங்கல்ல இன்னும் பழசு, வெள்ளக்காரன் காலத்துல பட்டாளத்துக்காரங்க பறவைய சுட வந்தப்ப ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போயி சுடக்கூடாதுன்னு எழுதி வாங்குனாங்க, 1798-லயே.

உங்க தெருவ வேட்டங்குடியா ஆக்கச் சொல்லல மல்லி, மதுரையில அது நடக்கற காரியமா. ஆனா கேட்டுப் பாக்கலாம்ல. 2018-ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மணி நேரந்தான்னு சொன்னப்ப தமிழ்நாட்டுக்கு காலையில 6-லருந்து 7, ராத்திரி 7-லருந்து 8-ன்னு ஆச்சு. யாரு கேக்கறான்னு நீங்க சிரிக்கறது தெரியுது. ஆனா அந்த நேரத்த சொல்லி, சரவெடிய தெரு முக்குல உங்க வீட்டுக்கு எதிர்ப் பக்கமா போடுங்கப்பா, வீட்டுல அப்பத்தாவுக்கு முடியலன்னு போயி நேர்ல சொன்னா நம்மூர்ல பாதிப் பேரு கேப்பாங்க. நாய்க்காகன்னு சொன்னா கேக்க மாட்டாங்க, அது வேற விஷயம் 😅

---

மதுர_மல்லி (மதுரை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. ஜன்னல் கத நெசந்தான்!! நேத்து ஆறரைக்கு அப்பத்தா நாற்காலியில உக்காந்து பாத்தேன், என் மூஞ்சியே எனக்கு கொஞ்சம் திகிலாத்தான் இருந்துச்சு, ஸ்கிரீன் போட்டாச்சு. மாட்டப் பத்தி கேட்டதுக்கு செவலைன்னு ஒரு மாடு, அது பக்கத்துக் காட்டுல மேஞ்சு பஞ்சாயத்து ஆனதுன்னு முக்கா மணி நேரம் சொல்லுச்சு, எங்கப்பாவுக்கே அந்தக் கத தெரியாதாம்.

பூச்சி போறது பாத்ரூம் இல்ல, மாடிப்படிக்கு அடியில பழைய அரிசி டின் வெச்சிருக்கற சந்து. அங்க நைட்டி போட்டாச்சு. தெருவுல பேசறதுக்கு எங்கப்பாவ அனுப்புறேன், நான் போனா சிரிப்பாங்க.

ஒரு சந்தேகம். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு, ஆனா அன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கே எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு ஆரம்பிச்சிருவாங்களே, எப்ப குடுக்கறது? வாக்கிங் எப்ப கூட்டிட்டுப் போறது?

---

தெருநாய்_தோழி (சென்னை)

மாத்திரை நேரத்த டாக்டர்கிட்டயே கேளுங்க, ஒவ்வொண்ணுக்கும் வேலை செய்ய எடுக்கற நேரம் வேற, பொதுவா முதல் வெடிக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும், நடுங்க ஆரம்பிச்சப்புறம் குடுத்தா பாதி வீண். நாலு மணிக்கு ஆரம்பம்னு அவர்கிட்ட தெளிவா சொல்லுங்க. வாக்கிங் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு, எல்லாரும் சாப்பிட்டு தூங்கற நேரத்துல. கழுத்துப் பட்டை போதாது, மாரோட சேத்துப் போடுற ஹார்னஸ் போடுங்க, ரெண்டுலயும் தனித்தனி கயிறு. முன்னாடி நாளே ஒண்ணு ரெண்டு விழும், அதனால அன்னைக்கும் அப்படியே. ராத்திரி சாப்பாட ஆறு மணிக்குள்ள முடிச்சிருங்க, பேன் சத்தம், வாஷிங் மெஷின் சத்தம் எல்லாம் ஓடட்டும். வாசக் கதவுக்கு ஒரு ஆள் பொறுப்பு, பலகாரத் தட்டு குடுக்க வர்றவங்க கதவ அகலத் தொறந்து வெச்சிட்டு நின்னு பேசுவாங்க, அங்கதான் ஓடிரும்.

---

மதுர_மல்லி (மதுரை)

தீபாவளி முடிஞ்சிருச்சு, கேட்டவங்களுக்காக எழுதுறேன். தெருவுல சரவெடிய முக்குல போட்டாங்க, எல்லாரும் இல்ல, எதுத்த வீட்டுப் பையன் மட்டும் நம்ம வாசல்லயே ரெண்டு தடவ லட்சுமி வெடி போட்டான், அவன் அம்மாவே வெளிய வந்து வஞ்சாங்க. பூச்சி அந்த சந்துலயே இருந்துச்சு, நடுங்குச்சு, ஆனா நடுநடுவுல வந்து தயிர்சோற நக்கிட்டு திரும்பப் போச்சு. அப்பத்தாவுக்கு காதுல பஞ்சு வெச்சு அதிரசம் தட்டறதுக்கு மாவ குடுத்து உக்கார வெச்சேன். வெடிச்சப்ப எல்லாம் "யாரு வீட்டுல கல்யாணம்?"னு கேட்டுச்சு. செவலை வீட்டு கல்யாணம்னு எங்கப்பா சொல்லிட்டாரு, அதுக்கு ஒரே சிரிப்பு.

ஆனா இப்ப பூச்சி சாயங்காலம் தெருவுல கால் வெக்க மாட்டேங்குது. வாசப்படி வரைக்கும் வந்து நின்னுக்குது. இழுக்கல. இது எத்தன நாளைக்கு இருக்கும்?

---

பாதிராத்திரி_படிப்பாளி (கோவை)

இழுக்காம விட்டீங்கல்ல, நல்லது. அந்த நேரத்தயும் அந்த வழியையும் கொஞ்ச நாளைக்கு மாத்திருங்க, காலையில வேற தெருப்பக்கமா. வாசப்படியில நின்னா அங்கயே நீங்களும் உக்காந்துக்கங்க, சிக்கன் குடுங்க, திரும்பி உள்ள போகணும்னா போகட்டும்.

---

தெருநாய்_தோழி (சென்னை)

ஆமா. சில நாய் ஒரு வாரத்துல வந்துரும், சிலது ரெண்டு மாசம் ஆக்கும். மாசம் ஒண்ணாகியும் வாசல்லயே நின்னா, சாப்பாடும் கொறஞ்சா, டாக்டர்கிட்ட சொல்லுங்க. கார்த்திகைக்கு உங்க தெருவுல வெடி உண்டா?

---

மதுர_மல்லி (மதுரை)

உண்டு 😭 அதுக்கு முன்னாடி எதுத்த தெருவுல ஒரு கல்யாணமும் இருக்கு, கொட்டு, வேட்டு எல்லாம். நைட்டி சந்துலயே இருக்கட்டும், எடுக்கல.

---

வைகை_வேங்கை (வாடிப்பட்டி)

தங்கச்சி, அந்த பூச்சிக்கு எழுதிக் குடுத்த மாத்திரை பேரு என்ன? சும்மாதான் கேட்டேன். எங்க நாய்க்கும் இப்ப வயசாயிருச்சு.

---

தெருநாய்_தோழி (சென்னை)

பேரு சொல்லாதீங்க மல்லி. அண்ணே, வயசான நாய்க்கு இதயம், கிட்னி எல்லாம் பார்த்துத்தான் அளவு போடணும், நீங்களே கூட்டிட்டுப் போங்க. எந்த ஏரியான்னு தனியா மெசேஜ் போடுங்க, பக்கத்துல நல்ல டாக்டர் யாருன்னு விசாரிச்சு சொல்றேன்.